மேல் லயத்துக்கு ஹைட்ரஜன் விளக்கு

யூலை 8, செவ்வாய்
கண்டியில் விடியவே மழை. ஹேவாஹெட்ட பஸ்ஸில் நின்றே பயணம். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து எங்கள் கொட்டிலுக்குச் சேற்றில் நடை. தொழிற்சாலை அடுப்புக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வைக்கக் கூடாது என்று தள்ளிக் கட்டியது. சப்பாத்து நாசம்.

திட்டம், சொல்ல அழகு. மழைக்காலத்தில் ஓடை டர்பைனில் மிஞ்சும் கரண்டால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனைச் சிலிண்டரில் அடைப்பது. ஓடை வற்றும் மாதங்களில் அதையே திரும்பக் கரண்டாக்கி மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு விளக்கு.

இன்று: உள்ளே பத்து யூனிட், திரும்பி வந்தது மூன்று. முதல் கிழமையிலிருந்தே இதுதான். சரிப்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் திட்டத் தலைவர் சேரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

இயந்திரத்தைப் பார்ப்பவர் தோட்டத்து எலக்ட்ரீஷியன் செல்லையா. வேலை இன்னும் நிரந்தரமில்லை. இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தார். எந்த வீட்டில் எங்கே பல்ப் என்று லயத்தில் இப்போதே பேச்சாம்.

யூலை 10, வியாழன்
மண்சரிவு. பஸ் இல்லை. இயந்திரத்துக்கான டிஸ்டில்ட் வாட்டர் கேன் இரண்டும் என் வீட்டு வாசலில். உடுப்பு காயவில்லை.

யூலை 14, திங்கள்
பாதை திறந்தது. இயந்திரம் நின்றுபோயிருந்தது. கழற்றினேன். உள்ளே வெள்ளைப் படிவு, தண்ணீரைப் பிரிக்கும் மென்தகடு பாழ்.

கேட்குமுன்னரே செல்லையா சொன்னார். "கேன் முடிஞ்சிருச்சு மிஸ். நிப்பாட்டினா மழைக் கரண்ட் வீணாப் போகுமேன்னு பீலித் தண்ணியக் காய்ச்சி, வேட்டிய நாலா மடிச்சு வடிகட்டி ஊத்துனேன்."

மலையிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீர். பச்சைப் பிள்ளைக்கும் அதுதான், கோயில் அபிஷேகத்துக்கும் அதுதான். கடைக் கேனை விட மேல் என்று தோட்டமே சத்தியம் செய்யும். காய்ச்சினாலும் தண்ணீரில் கரைந்த தாது உப்பு போகாது, இயந்திரத்தில் படியும் என்று நான் ஒருநாளும் விளக்கவில்லை. ஆனாலும் ஏசிவிட்டேன். வரும் வழியெல்லாம் வெட்கம்.

யூலை 15, செவ்வாய்
கண்டி அலுவலகம். திட்டத் தலைவர் சேர் ஒரு வழி வைத்திருந்தார். 'இயக்குபவரின் தவறு' என்று எழுதினால் போதும், இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கிடைக்கும், என் ஒப்பந்தமும் நீளும். அந்த மூன்று யூனிட்? பின்னிணைப்பில் போடலாமாம்.

என் ஒப்பந்தம் ஓகஸ்டோடு முடிகிறது. அப்படி எழுதினால் செல்லையாவைத் தோட்டம் வைத்திருக்காது.

யூலை 17, வியாழன்
பாண், பருப்பு. பகல் முழுக்க அறிக்கை. எழுதியவை:
- தண்ணீர் விஷயம்: விளக்கிச் சொல்லாதது என் பிழை.
- பழுதாகுமுன்னரே பத்துக்கு மூன்றுதான்.
- இராத்திரித் தேவைக்குப் பற்றரி போதும், இழப்பும் குறைவு.
- மழைக் கரண்டைக் கோடை வரை சேமிக்க ஹைட்ரஜனால் முடியும். ஆனால் அத்தனை சிலிண்டருக்கும் இங்கே இடமில்லை, பார்க்க ஆளில்லை. பெரிய காற்றாலை, உரத் தொழிற்சாலை என்றால் வேறு கதை. இந்தத் தோட்டத்துக்குச் சரிவராது.

அனுப்பியாயிற்று. சேர் போன் எடுக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

யூலை 18, வெள்ளி
தூறல். செல்லையாவிடம் நேரில் சொல்லவென்று ஹேவாஹெட்ட போனேன். அறிக்கையில் உங்கள் பெயர் இல்லை என்றேன். தலையாட்டினார். முகத்தில் பெரிய சந்தோஷம் இல்லை.

"அப்ப மேல் லயத்துக்கு லைட்டு?"

"இதால வராது அண்ணை. போட்ட கரண்டில மூண்டில ஒரு பங்கும் திரும்பி வரேல்ல."

ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "அது எப்ப தெரியும் மிஸ்?"

"முதல் கிழமையே."

"அன்னைக்கே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

ஓம், சொல்லியிருக்க வேணும் என்றேன்.