ஏழு சுற்று சுற்றிய பந்து

நண்பா,

இப்போது நான் சொல்லப்போகும் கதையைக் காரைக்காலில் ஒரு காக்கைகூட நம்பாது. முகவுரையாக இதை மாதா மேல் ஆணையிட்டுச் சொல்லிவிடுகிறேன். என் ஆணைகளைக் கேட்டு நீ எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் உன் மகள் கடைக்கு வந்தாள். உனக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, அலமாரியை ஒதுக்கினார்களாம். ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் மேஜையில் வைத்தாள். மூடியைத் திறந்தேன். உன் அத்தர் வாசனை. கடையில் செத்துக் கிடந்த நாலு ரேடியோவும் அந்த வாசனைக்குத் தாமாகவே பாட ஆரம்பித்தன என்று எழுதத்தான் கை துறுதுறுக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.

உள்ளே ஒரே ஒரு கேசட். மேலே என் கையெழுத்து: 'ஃபைனல். நேரடி வர்ணனை.'

சட்டென்று டின்னை மூடப்போனேன். ஏன் என்று உனக்குத் தெரியாது என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன்.

நம் ஊர்க் கல்லூரியில் நாம் இருவருமே படித்ததில்லை. நான் ரேடியோ ரிப்பேர், நீ உன் மாமாவின் ஜவுளிக்கடை. ஆனாலும் அதன் கூடைப்பந்து அணிமீது நம்மைவிட உரிமைப்பட்டவர்கள் ஈரேழு உலகத்திலும் கிடையாது. ஐந்து வருடம் மைதானத்து மதில்மேல் உட்கார்ந்து நாம் தேய்த்த தேய்ப்பில் மதில் அரை அடி தணிந்துபோயிற்று. அதைத்தான் பின்னால் கல்லூரிக்காரர்கள் கடல் காற்றின் அரிப்பு என்று சொன்னார்கள். பாவம், விவரம் போதாது.

நம் ஆட்களில் நெட்டையனுக்கு நீ வைத்த பெயர் 'லைட் ஹவுஸ்'. அவன் சாயங்காலம் பயிற்சிக்கு வந்து நின்றால், கிளிஞ்சல்மேட்டுப் படகுகள் அவன் தலையை அடையாளம் பார்த்துக் கரை திரும்பும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். மழையில் ஆடிய அந்த செமிஃபைனல் நினைவிருக்கிறதா? தரையில் தட்டினால் பந்து எழும்பவே இல்லை. தட்டாமலேயே கைக்குக் கை கொடுத்து, நம் பையன்கள் பதினெட்டு பாயிண்ட் பின்தங்கியிருந்த ஆட்டத்தை எடுத்தார்கள். மறுநாள் டீக்கடையில் நான் அதைச் சற்றே விரித்துரைத்தேன். பந்து வெள்ளத்தில் மிதந்து போனதையும், பட்டினச்சேரியிலிருந்து வலை வரவழைத்துப் பிடித்ததையும் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"ஏண்டா, கொஞ்சம் கொறச்சுக்கயேன். வலையெல்லாம் எதுக்கு, தூண்டில்ல முடிச்சுக்க."

"தூண்டில் போட்டா பந்து பஞ்சர் ஆயிடும்டா, மடையா."

சிரித்து முடிக்க முடியாமல் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அந்த வாரமே உனக்கு விசா வந்துவிட்டது. ஃபைனலுக்குப் பதினோரு நாள் இருந்தது.

பஸ் ஏறும்போது நீ உம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, கட்டி ஒரு வருடம்கூட ஆகாத பெண்டாட்டியைப் பற்றியும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்து, "மேட்ச்ச ஒண்ணுவிடாம பேசி அனுப்புடா" என்றாய். அப்போது நம் ஊரில் கேசட்தான் கடிதம். அபுதாபி போனவர்களுக்கு வீட்டிலிருந்து பேசிப் பதிந்து அனுப்புவார்கள். அவர்கள் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள்.

ஃபைனலுக்கு முந்தின நாள், லீவில் வந்த ஒருவர் கையில் உன் முதல் கடிதம் வந்தது. ஒரு அறையில் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருந்தாய். சோறு இறங்கவில்லை, திரும்பி வந்துவிடலாமா என்று இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். கடைசி வரி இது: 'நாம ஜெயிச்சுட்டோம்னு காதுல விழுந்தா போதும், ரெண்டு வருஷத்தப் பல்லக் கடிச்சுத் தள்ளிடுவேன்.'

ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். கடைசி விசிலுக்கு முன் லைட் ஹவுஸ் எறிந்த பந்து வளையத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. வெளியே விழுந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் வாழ்வின் மாபெரும் பொய்யைப் பதிவுசெய்தேன். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ரேடியோ முள்ளை நிறுத்தினால் ஒரு இரைச்சல் வருமே, அதுதான் ஐம்பதாயிரம் ரசிகர்களின் ஆரவாரம். மரப்பெஞ்சில் முஷ்டியால் குத்தினேன், அதுதான் பந்து. கோயில் திருவிழாவில் வாங்கிய ஊதல்தான் நடுவர். கடைசிப் பந்தை வளையத்தின்மேல் ஏழு சுற்று சுற்றவிட்டு, உள்ளே போட்டேன். உணர்ச்சி வேகத்தில் குத்தியதில் பெஞ்சின் கால் முறிந்தது.

நீ இரண்டு வருடம் தள்ளினாய். பிறகு இன்னும் இருபது தள்ளினாய். அந்த வெற்றியை உனக்குக் கொடுத்தவன் நான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாலும், உள்ளே முள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. முதல் லீவில் நீ வந்தபோது அதே மதில்மேல் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"டேய், அந்த ஃபைனல்ல ஒரு விஷயம்..."

"ஏழு சுத்து சுத்துனுச்சுல்ல?"

"சுத்துனுச்சு. ஆனா..."

"அப்பறம் என்னடா ஆனா? கதையக் கெடுக்காம ஆட்டத்தப் பாரு."

ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ நம்புகிறாய், நான் உன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற அந்த நினைப்போடுதான் உன்னை அடக்கம் செய்த ஜனாஸாவிலும் பின்வரிசையில் நின்றேன்.

நேற்று உன் மகள் கேசட்டைத் திருப்பிக் காட்டினாள். பின்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதுகள் இரண்டும் உடைக்கப்பட்டிருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. எல்லாக் கேசட்டுகளையும் அழித்து அழித்துப் பதில் பேசியவன், இதை மட்டும் பூட்டிவைத்திருக்கிறாய்.

"இதை வாப்பா யாரையும் தொட விடமாட்டாங்க மாமா. வெள்ளிக்கிழமையானா அபுதாபி ரூம்ல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டுவாங்களாம்."

"அம்மாடி, அதுல ஒரு தப்பு இருக்கு. அந்த மேட்ச்ல நாங்க..."

"தோத்துட்டீங்க. வாப்பாவுக்குத் தெரியுமே."

அவள் பாட்டுக்குச் சொன்னாள். கேசட் வந்த அதே மாதம் நம் ஊர்க்காரர் ஒருவர் உன் அறைக்குப் புதிதாக வந்தாராம். ஆட்டத்தை நேரில் பார்த்தவராம். ஒரு பாயிண்டில் போச்சு என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாராம். நீ அசரவில்லையாம். "நீங்க பாத்தது வேற மேட்ச்சு பாய். எங்க ஆளு பாத்தது வேற. உக்காந்து கேளுங்க" என்று பட்டனை அழுத்தினாயாம். ஏழாவது சுற்றில் அந்த மனிதரே எழுந்து நின்று கத்தினாராம்.

அடப் பாவி. நாற்பது வருடம் பொய் சொன்னவன் நான், ஒரு வார்த்தை பேசாமல் என்னை வென்றவன் நீ.

டேப்பைச் சுத்தம்செய்து ஓட்டினேன். என் இளங்குரல் கடையை அதிரவைத்தது. வர்ணனை தொடங்கும் இடத்திலேயே உன்னைக் கூப்பிடுகிறேன்: "ஒன் எடத்துல துண்டு போட்டு வச்சிருக்கேன்டா! இப்பதான் ஒரு மந்திரி வந்து எடம் கேட்டாரு. அப்பறமா வாங்கன்னு அனுப்பிட்டேன்!"

உன் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் சிரிப்பேதான், கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு. "ஏன் மாமா, இதுல எதாச்சும் ஒண்ணாவது நெசமா?"

அவளிடம் கௌரவமாக மழுப்பிவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். ஐம்பதாயிரம் பேர் இல்லை, இருநூறு பேர் இருந்தால் அதிகம். மந்திரியும் வரவில்லை. ஏழு சுற்றும் இல்லை. ஆனால் துண்டு நிஜம். மதில்மேல் எனக்கு இடப்பக்கம், நீ உட்காரும் இடத்தில், என் பச்சைக் கட்டம் போட்ட துண்டை விரித்திருந்தேன். வரிச்சிக்குடிக்காரர் ஒருவர் இடம் தேடிக் களைத்து வந்து, இது காலியா என்று கேட்டார்.

"இல்லைங்க, ஆளு வருது" என்றேன்.

ஆட்டம் முடியும்வரை அவர் நின்றுகொண்டேதான் பார்த்தார்.