கிரேஸ் மறைத்த கட்டி

கார்த்திகை, செவ்வாய் இரவு.

எதிர் அபார்ட்மென்டில் இருக்கும் கானா நாட்டுக்காரி கிரேசுக்கு மார்புப் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டதாம். மாசியிலேயே கட்டி தட்டுப்பட்டும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று மறைத்திருக்கிறாள். தாய்க்கு இந்த வருத்தம் என்றால் மகளை யார் எடுப்பார்கள் என்ற பயம்.

"எங்கட சனம்தான் உப்பிடிச் செய்யுமெண்டு நினைச்சன். நீயுமோடி?" என்று என் அரைகுறை இங்கிலீசில் ஏசினேன்.

"அம்மம்மா, மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சிடும்" என்று கிரேஸ் கெஞ்சினாள். என்னை அவளும் அம்மம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தச் சம்பந்தி, மகளின் கலியாணம் நடந்த அன்று சோற்றுக்கு முகம் சுளித்தவள். நான் மறக்கவில்லை. அவளுக்குப் பயந்து வைத்தியமும் செய்யாமலா இவள் சாகவேண்டும்?

வீட்டுக்கு வந்து கிரேசின் மகளுக்குப் போன் எடுத்தேன். "கொம்மாவுக்கு கான்சர். உடன வா. நீயும் போய் டாக்டரிட்டைக் காட்டு."

கிரேஸ் இனி என்னோடு கதைக்கமாட்டாள். கோபித்துக்கொண்டாவது கொஞ்சக் காலம் உயிரோடு இருக்கட்டும்.