பெரும்பான்மை கேட்ட அக்காவுக்கு

என் அன்பு அக்கா,

நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டாம், முழுவதையும் கேளுங்கள்.

பல நாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து பேரவை தொடங்கியதே வெளிநாட்டு அரசுகளிடம் ஒரே குரலில் பேசத்தான். ஆனால் எந்த அறிக்கைக்கும் எல்லா நாட்டுச் சங்கங்களும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு மறுத்தால் போதும், அதோடு சரி. ஈழ யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமற்போன உங்கள் மகன் சுதனையும் அவனைப் போன்ற பிள்ளைகளையும் பற்றி ஒரு வரி சேர்க்கக் கேட்டு எத்தனை வருடம் அலைந்தீர்கள்! ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நாடு மறித்தது.

"ஒராள் வேண்டாம் எண்டா எல்லாரும் வாயை மூடவேணுமோ? பெரும்பான்மைக்கு விடுங்கோ!" கனடாவில், ஸ்காபரோ மண்டபத்தில் நீங்கள் எழும்பிக் கத்தினீர்கள். அந்த விதியை மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லி உங்களை இருத்திவிட்டார்கள்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகுதான் அவர்களுக்கு மனம் இளகியது. எல்லா நாடுகளும் மறுப்புரிமையைக் கைவிட்டன. கனடாவின் பிரதிநிதியாக உங்கள் இடத்தில் என்னை இருத்தினார்கள். அன்று உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

போன ஞாயிறு சூமில் புது முறைப்படி முதல் வாக்கெடுப்பு. ஐரோப்பாவில் ஒரு வெளியுறவு அமைச்சருக்குக் கொடுக்கும் அறிக்கை; அதன் வரைவில் உங்கள் வரியும் இருந்தது.

"காணாமப்போன பிள்ளையளின்ர வரியை எடுத்தா மினிஸ்டர் சந்திப்பாராம்," என்றார் தலைவர் சிவா அண்ணை. "முதல்ல கதவு திறக்கட்டும், தங்கச்சி."

"ஆருக்காகக் கதவைத் தட்டுறம் அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வாக்கெடுப்புக்கு விட்டார். வரியை எடுப்பதை நான் மட்டும் எதிர்த்தேன். பழைய முறையென்றால் மறிக்க என் ஒரு கை போதும், அக்கா. தீர்மானம் நிறைவேறியது. வரி போய்விட்டது.

மடிக்கணினியை மூடினேன். மகள் ஆரணி வந்து தோளைப் பிடித்தாள். "அம்மா, தட்ஸ் டெமாக்ரஸி. பெரியம்மா கேட்டதும் உதுதானே?"

அவள் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஒருவர் மறித்ததால் முன்பு உங்கள் பிள்ளை வெளியில் நின்றான். இப்போது பலர் சேர்ந்து அவனை வெளியில் விட்டிருக்கிறார்கள். தோற்றாலும் இதுதான் சரி என்பீர்களா? இல்லை, அந்த மறுப்புரிமையைத் திருப்பிக் கேள் என்பீர்களா? எனக்கு எந்தப் பக்கமும் வழி தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த வரியை மறுபடியும் வைப்பேன். தோற்கும் என்று தெரியும். அதற்கடுத்த கூட்டத்திலும் வைப்பேன். ஒவ்வொரு முறையும் பிள்ளையின் பெயரை உரத்துச் சொன்ன பிறகுதான் அவர்கள் கைகளை எண்ணலாம்.

உங்கள் தங்கச்சி,
சுதனின் சித்தி,
வதனி