மூன்று பூட்டு வீடு

வாரன், மிச்சிகன்
1968 டிசம்பர் 2

அன்புள்ள வாண்டா அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் எப்படித் தெரியும்? நீதான் தொலைபேசியையே எடுப்பதில்லையே. இத்துடன் ஐந்து பத்திரிகைத் துண்டுகள் வைத்திருக்கிறேன். மாநிலம் முழுக்கக் கொலையும் கொள்ளையும் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதாம். அதில் பாதி உங்கள் டெட்ராய்ட்டில்தான் என்கிறார் என் வீட்டுக்காரர் காஸிமிர். அத்தான் காலமான பிறகு அந்தத் தெருவில் தனியாக எதைக் கட்டிக் காக்கிறாய்? வீட்டை விற்றுவிட்டு இங்கே வா என்று எத்தனை முறைதான் கெஞ்சுவது? காஸிமிர் கதவுக்கு மூன்று பூட்டு போட்டு, துப்பாக்கியும் வாங்கிவிட்டார். இங்கே பயமே இல்லை.

உன் தங்கை
ஸ்டாஸியா

டெட்ராய்ட்
டிசம்பர் 9

அருமைத் தங்கைக்கு,

துண்டுகள் வந்தன. மீன் தலைகளைச் சுற்றிப் போட நன்றாக உதவின. பயமே இல்லாத ஊரில் எதற்கடி மூன்று பூட்டு?

இந்தத் தெரு கெட்டுப்போகவில்லை என்று நான் சொல்லவில்லை. மூலை மருந்துக்கடையில் திருடினார்கள். என் கார்ச் சக்கரமும் போயிற்று. போலீஸ்காரர் வந்தார், எழுதினார், போனார். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் உன் வீட்டுக்காரர் வாய்க்கு வாய் "அந்தக் கறுப்பனுங்க" என்கிறாரே, அடுத்த வீட்டு எர்னஸ்டீனும் கறுப்பினத்தவள்தான். நான் சர்ச்சுக்குப் பூசைக்குப் போனால் என் வாசலைப் பார்த்துக்கொள்பவள் அவள். சக்கரம் போனதற்கு என்னைவிட அதிகமாகக் குதித்தாள். "எவன்னு மட்டும் தெரியட்டும், தோலை உரிச்சிடறேன்!"

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விருந்துக்கு வர முடியாது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. கோபித்துக்கொள்ளாதே.

வாண்டா

டெட்ராய்ட்
டிசம்பர் 27

ஸ்டாஸியா,

விருந்தன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. கூட வேலை செய்பவள் ஒருத்தி என் அன்றைய வேலையை ஏற்றுக்கொண்டாள். சொல்லாமல் வந்து உன்னை மகிழ்விக்கலாம் என்று கசகசா ரொட்டியோடு கிளம்பினேன். சொந்தக்காரர்கள் சமையலறைக் கதவு வழியாகத்தானே வருவோம்? கைப்பிடியைத் திருகினேன். கதவைத் திறந்த உன் வீட்டுக்காரர் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "யாருடா அது? சுட்டுடுவேன்!"

அவருக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை தெரிந்தது. போலந்திலிருந்து அம்மா கொண்டுவந்த வழக்கப்படி, அழைக்காமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டை வைத்திருந்தாய். யாருக்கடி அந்தத் தட்டு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சரி. நான்தான் என்று தெரிந்த பிறகாவது மன்னிப்புக் கேட்டாரா? "சொல்லிட்டு வரக்கூடாதா வாண்டா?" என்று என்னையே கடிந்தார். நீயும் மரம் மாதிரி நின்றாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இத்தனை வருஷம் திருட்டு ஊரில் குடியிருக்கிறேன். என்மேல் துப்பாக்கி நீட்டிய முதல் ஆள் என் தங்கை புருஷன். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன். துண்டுகளும் அனுப்பாதே.

வாண்டா

வாரன்
1969 ஜனவரி 15

அக்கா,

நான் அசைந்தால் அவர் விரலும் அசைந்துவிடுமோ என்று பயந்துதான் அன்றைக்கு அப்படி நின்றேன்.

நீ போன மறுவாரம் நாலாவது பூட்டு வந்தது. துப்பாக்கி இப்போது சாப்பாட்டு மேசைமேலேயே கிடக்கிறது. கீழறையில் துணி துவைத்துவிட்டு மேலே வரும்போது, "நாந்தாங்க, ஸ்டாஸியா வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் படியேறுகிறேன். நேற்று மறந்துவிட்டேன். அவர் சுடவில்லை, அவ்வளவுதான்.

உன் மாடியறை காலியாகத்தானே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்று சொல்லிவிட்டு உன் ஊர்ப் பேருந்தில் ஏறிவிடுவேன். பதில் எழுதாதே. தபாலை எல்லாம் இப்போது அவர்தான் பிரிக்கிறார்.

ஸ்டாஸியா