ஃபுவாட்டினோவின் வெள்ளை

அக்டோபர் 4
மகள் ஆக்லாந்திலிருந்து அனுப்பிய கேமரா வந்து ஒரு வாரம் ஆகிறது. லென்ஸின் எண் சிறிதானால் துளை பெரிது — இது என்ன கணக்கோ! 1.8 வைத்து நாயை எடுத்தேன். மூக்கு துல்லியம், மற்றதெல்லாம் புகை. "மூக்கு நல்லா இருக்கு. நாய் எங்க?" என்றாள் என் மனைவி ஃபுவாட்டினோ.

அக்டோபர் 7
நாளை வெள்ளை ஞாயிறு, பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை உடுத்திச் சர்ச்சுக்கு வரும் நாள். சர்ச்சின் ஞாயிறு பள்ளி ஃபுவாட்டினோவின் பொறுப்பு. பதினெட்டுப் பிள்ளைகளின் உடுப்பையும் இவளே ஒரு வாரமாக வெளுக்கிறாள். இவள் வெள்ளைக்கு எங்கள் சவாயி தீவில் ஈடில்லை. படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. நானே கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

அக்டோபர் 8
துளை எண் எட்டு. கடைசி வரிசை வரை துல்லியம்! வெளிச்சத்தைக் கேமராவே பார்த்துக்கொண்டது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, அதனால் என்ன? வாயில் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையோடு, படத்தை ஆக்லாந்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 9
ஆக்லாந்திலிருந்து மைத்துனி செசிலியா ஃபுவாட்டினோவைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, ஊர்ல சோப்பு தீந்துபோச்சா?"
நிழலில் போய்ப் பார்த்தேன். பதினெட்டுப் பிள்ளைகளும் சிமெண்ட் நிறத்தில்.
"ஒரு வாரம் வெளுத்தேன். ஒரே சொடுக்குல அழுக்காக்கிட்டீங்களே!" என்றாள் மனைவி.

அக்டோபர் 11
பேச்சில்லை. நாயிடம் மட்டும் பேசுகிறாள், எனக்குக் கேட்கும்படி.

அக்டோபர் 13
கையேட்டைப் படித்தேன். (முதலிலேயே படித்திருக்கலாம்.) உலகமே நடுத்தரச் சாம்பல் என்பது இந்த இயந்திரத்தின் நம்பிக்கையாம். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடுகிறது. நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். கொடியில் காய்ந்த வெள்ளைப் போர்வையில், எண்களை முணுமுணுத்தபடி சோதித்தேன். கூட்டாவிட்டால் சிமெண்ட். ஒன்று கூட்டினால் வெள்ளை. இரண்டு கூட்டினால் இழையே காணோம்.
வெளுப்பு மருந்தில் அவள் விரல்கள் தோலுரிந்து கிடக்கின்றன. வெட்கமாக இருக்கிறது. எந்த மூஞ்சியோடு இன்னொரு தடவை வெளுத்துப் பிள்ளைகளை நிறுத்தச் சொல்வேன்?

அக்டோபர் 15
நான் சொல்லவே இல்லை. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை அவளே வரிசையில் நிறுத்தினாள். எல்லாம் மறுபடி வெளுத்த உடுப்பு. நடுவில் தானும் நின்றாள்.
"போர்வைகிட்ட முணுமுணுத்தீங்களே, அதைக் கூட்டியாச்சா?"
ஆறு நாளில் என்னிடம் முதல் பேச்சு!
"ஒண்ணு கூட்டியிருக்கேன்."
"ரெண்டாக் கூட்டுங்க."
"லேஸ் காணாமப் போயிடும்."
யோசித்தாள். "அப்ப ஒண்ணே போதும்."

அக்டோபர் 16
செசிலியா கூப்பிட்டாள். "அக்கா, இந்தப் புதுப் படம் கண்ணைப் பறிக்குது! எப்படி?"
சோப்பின் பெயர், ஊறவைக்கும் நேரம், எத்தனை அலசல் — எல்லாவற்றையும் ஃபுவாட்டினோ இரண்டு தடவை சொன்னாள். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பக்கத்திலேயே தயாராக உட்கார்ந்திருந்தேன்.