ஒன்பது வயதுக்காரியின் முழங்கால்

அன்புள்ள தங்கச்சி,

மூன்று நாளாக உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைவலி என்று சொன்னது பொய்.

அந்த ஒன்பது வயதுச் சிறுமியின் முழங்கால் எக்ஸ்ரேயை முதலில் பார்த்தவள் நான். வளரும் பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு வாரம் முன்னால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதே படத்தைப் பார்த்த நீ, "அக்கா, எலும்போட ஓரம் கொஞ்சம் கலைஞ்ச மாதிரி இருக்கே. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துடலாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை நீ! பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். நான் உருப்போட்டுப் படித்ததை நீ ஒரு தடவை புரட்டிவிட்டு முதல் மார்க் வாங்குவாய்.

பயாப்ஸி முடிவு வரும்வரை, அவளுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். "உனக்கு ரொம்பத்தான் இளகின மனசு" என்றார் உன் அத்தான். குழந்தைக்காக இல்லையடி. நீ தோற்கவேண்டும் என்றுதான் வேண்டினேன்.

நீ சொன்னபடியே வந்தது. புற்றுநோய்க் கட்டி. சீக்கிரம் தெரிந்ததால் காலை எடுக்காமலே காப்பாற்றிவிடலாமாம். அதைக் கேட்ட அவள் அம்மா வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே டாக்டர் கண்டுபிடிச்சீங்க?" என்று அழுதாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

இன்று காலை அந்த அம்மாவிடம் போய் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதுகூட வயிறு எரிந்தது. நாளை அவள் உன்னைத் தேடி வருவாள். அப்போது நான் அறையில் இருக்கமாட்டேன். நின்று பார்க்க இன்னும் மனசு வரவில்லை.

உன் அக்கா