இருநூற்றுப் பதினேழாவது இணைப்பு

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வீட்டுக்காரரோடு எரிவாயுக் குழாய் வேலையில் ஆறு வருடம் கூடவே இருந்த அண்ணன் எழுதுவது. நீயும் பாப்பாவும் நலமா? அதைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

நான்கு நாளாக உங்கள் ஊரிலும் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டேன். மின் நிலையங்கள் பாதி நின்றுவிட்டன. யாரோ வேண்டாதவன் குழாயை மூட வைத்துவிட்டான் என்று செய்தித்தாளில் வருகிறது. அந்த வேண்டாதவன் நான்தான்.

கடலுக்கடியில் வாயு கிடைத்த புதிதில் நாங்கள் நாற்பது பேர், ஒரு தகரக் கொட்டகை. இன்று எழுநூறு கிலோமீட்டர் குழாய். இனி அயல்நாட்டுக் கப்பலுக்காக நாடு காத்துக் கிடக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான்.

பற்றவைத்த இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. 217-வது இணைப்பின் படத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது, உள்ளே விரிசல் என்று அர்த்தம். வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும் என்றேன். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று, ஒரு கோட்டுக்காக நாட்டையே நிறுத்தி வைப்பாயா என்றார் மேலதிகாரி. கையெழுத்திட்டேன்.

அழுத்தச் சோதனை நடந்த காலையில், வால்வுக்குப் போகும் வழியில் உன் வீட்டுக்காரர் என்னிடம் நின்றார். "படமெல்லாம் சுத்தந்தானே மச்சான்?" என்று கேட்டார். "சுத்தந்தான், போங்க மாப்ள" என்றேன். என் வாய்வார்த்தையை நம்பித்தான் அந்த 217-வது இணைப்புக்கு அவ்வளவு பக்கத்தில் போய் நின்றார். அழுத்தம் ஏறியதும் அது வெடித்தது, அவரை உயிரோடு மீட்க முடியவில்லை.

அவர் அவசரப்பட்டு வால்வைத் திறந்ததுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. பொய், தங்கச்சி. எப்போதும் போலக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திறந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கையை வாசித்தபோது நீ தலையே நிமிரவில்லை. அதே அறையில்தான் நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பதினான்கு மாதம் அப்படியே ஓடிப்போனது. போன வாரம், இன்னும் இரண்டு நகரங்களுக்கு வாயு அனுப்பக் குழாயில் அழுத்தத்தைக் கூட்டப்போவதாக உத்தரவு வந்தது. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். அன்றைய அவசரத்தில் பார்த்தும் பாராமலும் விட்டதில் அதே மாதிரிக் கோடு இன்னும் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஒன்று பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி. மறுநாளே பாதுகாப்பு ஆணையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், உன் வீட்டுக்காரரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. இப்போது அந்த ஐந்தையும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வழக்கும் வரும். வரட்டும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆணையத்தில் மறுவிசாரணை. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அவள் அப்பா மேல் தவறில்லை என்பதை அவள் தன் காதால் கேட்க வேண்டும். என்னோடு நீ பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். நீங்கள் இருவரும் அங்கே இருந்தால் நான் ஒரு சொல்லையும் விழுங்க மாட்டேன்.

பாப்பா நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும்.

அண்ணன்